உன் வயதுக் காடு

அருள், கிள்ளானிலிருந்து உன் அப்பன் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் என் குரல் நடுங்குவது உனக்குத் தெரிந்துவிடும். எழுத்து நடுங்கினால் வயசாகிவிட்டது, கை அப்படித்தான் என்று சமாளித்துக்கொள்ளலாம். பண்டமாரானிலிருந்து பூச்சோங் வரைக்கும் ஒரே புல்வெட்டுப் பேரரசன், காலி மனையில் முளைத்த பெலுக்கார் புதரையெல்லாம் பார்வையாலேயே சாய்த்தவன், நாகப்பாம்புகள் கூட்டம் போட்டு ஊரை விட்டு ஓடக் காரணமானவன் என்று எனக்கு நானே சூட்டிக்கொண்ட பட்டங்களையெல்லாம் செருப்பைக் கழற்றுவது போல வாசலிலேயே விட்டுவிட்டு இந்தக் கடிதத்துக்குள் வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. காலையில் காப்பி கலக்கும்போது இருக்கிறது. மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது இருக்கிறது. நேற்று பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன், கடைக்காரன் "அங்கிள், தலை வேணுமா வேணாமா?" என்று கேட்டான். இவனும் உன்னைப் போலவே சரியா இல்லையா என்று கேட்கிறானே என்று உன் ஞாபகம் வந்து, மீனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காரணம் உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உன் குரல் போனில் வந்தது. "ப்பா, ரோஜர் ஒத்துக்கிட்டாரு. காட்ட வெட்டலையாம். ஆனா யாராச்சும் அங்கயே தங்கிப் பாத்துக்கணுமாம், இன்னும் மூணு வருஷத்துக்கு. நான் தங்குறேன்ப்பா. அம்மாகிட்ட கேட்டா அழுவாங்க. நீங்க சரின்னு சொன்னாதான் கையெழுத்துப் போடுவேன்." உன் அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என்பது உனக்குத் தெரியாது. அவள் உடனே அழவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு 'சரி' உங்க வாயிலேர்ந்து வந்திச்சி, அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்கு உலை வைக்க மாட்டேன், மாமாக் கடைச் சோறுதான். நான் செத்தாலும் சோறு அங்கேர்ந்துதான் வரணும்" என்று என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

ஆக, சரியா இல்லையா என்பதை நான்தான் சொல்லியாக வேண்டும். குவீன்ஸ்லாந்தின் நடுவயிற்றில், மழையே மறந்துபோன அந்த வறண்ட நாட்டில், பக்கத்து வீட்டுக்காரன் என்பவன் ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் இடத்தில், என் ஒரே மகன் தனியாக மூன்று வருஷம் இருக்கலாமா? இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. எனக்குச் சுற்றி வளைத்துத்தான் வரத் தெரியும், பொறுத்துக்கொள்.

நீ யார் என்று முதலில் உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். சுவரில் பல்லி ஓடினால் சாப்பாட்டு மேசை மேல் ஏறி நின்றவன் நீ. கரப்பான் பூச்சி பறந்த நாளில் நீ போட்ட சத்தத்துக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் இருந்தவர்கள் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து வேலையை விட்டு வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. உன்னைத் தைரியசாலி ஆக்குவதற்காக நான் எத்தனை கதை சொல்லியிருப்பேன்! காலி மனையில் லாலாங் புல் வெட்டும்போது எதிரே நின்ற நாகத்தை, கிள்ளான் கொமுட்டர் ரயில் நீளத்துக்கு இருந்ததை, நான் ஒரு தும்மலில் விரட்டிய கதை உனக்கு மனப்பாடம். உண்மையில் அன்றைக்கு ஓடியது பாம்பு இல்லை. என் கூட வேலை செய்த முருகையா இன்றைக்கும் சொல்வார், அந்த வேகத்தில் நான் மெஷினை முதுகில் சுமந்துகொண்டே லோரியை முந்திவிட்டேன் என்று. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நீ காட்டைப் படிக்கப் போனாய். கதையைச் சொன்ன நான் இன்னும் வெட்டாத புல்லில் கால் வைக்க மாட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு உன்னைப் பார்க்க நான் வந்ததைக்கூட நீ பாசம் என்று நினைத்தாய். பாசம்தான், ஆனால் உத்தரவு உன் அம்மாவுடையது. "போயி அவனக் கூட்டிட்டு வாங்க. வரலன்னா நீங்களும் வராதீங்க" என்று சொல்லித்தான் விமானம் ஏற்றினாள். பெட்டியில் முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், உனக்கு இரண்டு சட்டை, என் நாக்கின் நுனியில் "வீட்டுக்கு வந்துடுடா" என்ற வாக்கியம். ஊறுகாயைச் சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். வாக்கியத்தை எப்படியோ கடத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஊரைப் பார்த்ததும் வாக்கியம் தொண்டையிலேயே காய்ந்துவிட்டது. அப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. உன் லோரியின் முன்மூடியில் மாவை ஊற்றினால் ஆப்பம் ஓரத்தில் முறுகும். ஈக்கள் என் முகத்தில் நாடாளுமன்றம் நடத்தின, எதிர்க்கட்சி மூக்குக்குள் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குப் பின்னால் நீ காட்டினாயே, "இதுதான்ப்பா என் காடு" என்று, அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். காடா அது? சாம்பல் பூசிய மாதிரி வெள்ளி நிற இலை, கை தடிமனில் தண்டு, எல்லாம் ஒரே உயரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாக நிற்பது போல. "பிரிகலோன்னு பேருப்பா. ரோஜரோட அப்பா காலத்துல ரெண்டு மெஷின் நடுவுல இரும்புச் சங்கிலியக் கட்டி இழுத்து, இங்க நின்ன பழைய காட்டையெல்லாம் சாய்ச்சிட்டாங்க. நான் பொறந்த வருஷம். வேர் சாகல. அதுலேர்ந்து தானா வந்ததுதான் இது. என் வயசு" என்றாய். நம்ம ஊரில் உன் வயதுள்ள புதரை விட்டு வைத்தால் அது நாலு மாடி பிளாட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருக்கும். அங்கே அது என்னைப் போல இரண்டு ஆள் உயரம்தான். மழை அவ்வளவுதான் என்றாய். எனக்கு அந்தக் காட்டைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. உன்னைப் பார்த்து அதைவிட.

அந்த நிலத்துக்காரர் ரோஜர் முதல் நாளே என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க மகன் நல்ல பையன். ஆனா இந்தக் குப்பைப் புதருக்கு என்னத்துக்கு இவ்வளவு மரியாதைன்னு எனக்குப் புரியல" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கும் புரியவில்லை என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் உயிர் நண்பர்கள்.

இனி வருவது உனக்குத் தெரிந்த கதை. ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நீ சாமான் வாங்க டவுனுக்குப் போனாய், போக வர முழு நாள் பிடிக்கும் டவுன். நான் தனியாக. கிறிஸ்துமஸ் வருகிறது, பிள்ளையின் வீட்டைச் சுற்றிப் புதர். கிள்ளானில் பிறந்து வளர்ந்த எந்தத் தகப்பனின் கை சும்மா இருக்கும், சொல்? நமக்குப் பெருநாள் என்றால் முதலில் வீட்டைச் சுற்றி வெட்டி, கூட்டி, வெள்ளையடித்து, பிறகுதான் குடில் கட்டுவது. புதர் இருந்தால் கொசு, கொசு இருந்தால் டெங்கி, பிறகு கவுன்சில்காரன் வந்து சம்மன் ஒட்டிவிட்டுப் போவான். இதில் எனக்குச் சந்தேகமே வராதபடி இன்னொன்று வேறு. பின்பக்கத்தில் ஒரு பட்டை நிலம் முழுக்க ஒவ்வொரு தண்டிலும் ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தது. என் தொழிலில் ரிப்பனுக்கு ஒரே அர்த்தம்தான். முதலாளியின் ஆள் முன்னாடியே வந்து எந்த மரம் போக வேண்டுமோ அதில் ரிப்பனைக் கட்டிவிட்டுப் போவான், நாம் பின்னாடியே போய் ரிப்பனுள்ளதைச் சாய்ப்போம். ஆகா, என் பிள்ளை வெட்ட வேண்டியதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறான், வெட்ட ஆள் கிடைக்காமல் தவிக்கிறான், பேரரசன் வந்திருக்கும்போது என்ன கவலை என்று, காலையில் மாடு பார்க்க அந்தப் பக்கம் வந்த ரோஜரிடம் செயின்சாவைக் கடன் கேட்டேன். "உங்க மகனுக்குத் தெரியுமா?" என்றார். "சர்ப்ரைஸ்!" என்றேன். அவர் பெட்ரோலும் ஊற்றிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெட்டினேன். அந்த மரத்தின் வைரத்துக்குச் சங்கிலிப் பல்லே அழுதது. மதியம் சாய்வதற்குள் அந்தப் பட்டை நிலம் முழுவதையும் சாய்த்து, கீழே கிடந்த காய்ந்த இலை, சுள்ளி, மரப்பட்டை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாரி, தரையைச் சீப்பு வைத்து வாரிய வழுக்கைத் தலை மாதிரி ஆக்கி, எல்லாவற்றையும் நடுவில் அம்பாரமாகக் குவித்தேன். கூட்டிய குப்பையை அப்படியே விடுவது நம் பழக்கம் இல்லையே. நீ வரும் புழுதி தூரத்தில் தெரிந்தது. பிள்ளை வந்து இறங்கும்போது சுத்தமான கொல்லையும் எரிந்துகொண்டிருக்கும் குவியலும் பார்க்க வேண்டும் என்று லைட்டரைக் கையில் எடுத்து, பழைய பேப்பரைச் சுருட்டிக்கொண்டேன்.

நீ லோரியை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த லோரியிலிருந்து குதித்தாய். "ப்பா! வேணாம்! ப்பா, வேணாம்ப்பா!" என்று நீ கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. கரப்பான் பூச்சிக்குப் போட்ட சத்தம் இல்லை அது. வந்து என் மணிக்கட்டில் விழுந்தாய். லைட்டர் போன திசையை நான் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன். ரத்தமே இல்லை. புதருக்கு வெளியே வேலி வரைக்கும், வேலிக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும், இடுப்பளவு காய்ந்த புல். எங்கிருந்தோ மாட்டுக்காகக் கொண்டுவந்து விதைத்த புல், தீ பட்டால் குதிரை வேகத்தில் ஓடும் என்று நீ மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். "இன்னிக்கு இந்த ஜில்லா முழுக்க நெருப்பு வைக்கத் தடைப்பா. அடுப்புகூட வெளிய பத்த வைக்கக் கூடாது. ரோட்டுக்குப் போற வழியே அந்தப் புல்லு நடுவுலதான்." அதாவது, நான் பெருநாளுக்காக என் ஒரே பிள்ளையைக் கொளுத்தப் பார்த்தேன். இப்படிச் சொன்னால் உன் அம்மா என் வாயை மூடுவாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதில் மட்டும் நான் ஒரு சொட்டுக்கூட மிகைப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ குவியலைப் பார்த்தாய். ரோஸ் ரிப்பன்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாய். அதில் உன் கையெழுத்தில் ஒரு எண். "இதெல்லாம் நான் வருஷா வருஷம் அளக்குற மரம்ப்பா" என்றாய். திட்டியிருந்தால் தேவலை. தரையில் உட்கார்ந்துவிட்டாய். சரியாக அந்த நேரம் பார்த்து ரோஜர் தன் வண்டியில் வந்து, ஜன்னலுக்கு வெளியே கட்டை விரலை நீட்டி, "குட் ஜாப், மேட்! ஒரே நாள்ல இவ்வளவா? மிச்சத்துக்கும் உங்களையே வச்சிக்கலாம் போலிருக்கே!" என்றார். என் தொழிலில் என்னை இவ்வளவு மனமாரப் பாராட்டிய முதலாளி வேறு யாரும் இல்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். அந்த ஊர்ப் பூமி பிளந்துதான் கிடந்தது, ஆனால் என் வயிறு நுழையாது. ஒன்றுக்குப் போவது போலப் புதருக்குள் நடந்துவிட்டேன்.

வெளியிலிருந்து பார்த்துப் பரிதாபப்பட்ட அந்தக் காடு உள்ளே வேறு ஒன்று. நாலு எட்டு வைத்துத் திரும்பினேன், வீடு இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே தண்டு, அதே தடிமன், அதே வெள்ளி இலை. பெரிய மரம் இல்லை, பாறை இல்லை, மேடு இல்லை, அடையாளம் என்று ஒன்றும் இல்லை. அடையாளமாக நீ ரிப்பன் கட்டியிருந்த மரங்களைத்தான் நான் வெட்டிக் குவித்துவிட்டேனே. முதலில் வீராப்பாக நடந்தேன். பிறகு வேகமாக நடந்தேன். அதற்கும் பிறகு, உன் அம்மாவிடம் சொல்லாதே, ஓடினேன். "டேய் அருளு!" என்று கத்தினேன். குரல் பத்து மரத்துக்கு மேல் போகவில்லை. தண்ணீர்ப் புட்டி குவியல் பக்கத்திலேயே கிடந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜெபமாலை சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், வாயில் வந்தது சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம். யார் யாரைச் சாப்பிடுவதற்கு என்று நினைத்து இன்னும் நடுங்கினேன்.

கடைசியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், தரை சுடவில்லை. வெளியே நான் வாரிய இடத்தில் செருப்பைத் தாண்டிச் சுட்டது. இங்கே இலை மெத்தைக்குக் கீழே கையை விட்டால் ஈரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் ஒரு குளிர்ச்சி. உரிந்த மரப்பட்டைக்குள்ளிருந்து பல்லி ஒன்று எட்டிப் பார்த்தது. உனக்காகவே அது அங்கே பிறந்திருக்கிறது. நீலத் தலையுடன் கட்டை விரல் அளவில் ஒரு குருவி, பின்னாலேயே அதன் குடும்பம், என்னை ஒரு கல் என்று நினைத்து என் கால் பக்கத்திலேயே கொத்திக்கொண்டு போயின. வீட்டு முற்றத்தில் அந்தக் குருவிகளை நான் பார்த்ததே இல்லை. அங்கே எப்போதும் ஒரு சாம்பல் நிறச் சண்டைக்காரப் பறவைக் கூட்டம்தான், நம்ம கிள்ளான் காக்காய்களுக்குத் தூரத்துச் சொந்தம், வேறு எதையும் கிட்ட அண்ட விடாது. இதெல்லாம் ரசித்தேன் என்று நினைக்காதே. சாகப் போகிறவன் சுவரில் உள்ள காலண்டரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தேன். வேறு வேலை இல்லை.

அப்போதுதான் ஹார்ன் சத்தம் வந்தது. உன் லோரி ஹார்ன், நீளமாக ஒன்று. நின்றது. மறுபடி நீளமாக ஒன்று. எழுந்து அதை நோக்கி நடந்தேன். நிற்கும்போது நானும் நின்றேன், அடிக்கும்போது நடந்தேன். நான் நினைத்ததற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் வெளியே வந்தேன். நீ லோரிக் கதவைத் திறந்து வைத்து, ஒரு கால் வெளியே, ஒரு கை ஹார்ன் மேல், கண் மரங்களின் மேல். நான் உன் முன்னால் வந்து நின்ற பிறகும் நீ ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. "வந்துட்டேன்டா" என்றேன். அடித்துக்கொண்டே இருந்தாய். நான்தான் உன் கையைப் பிடித்து எடுத்தேன். அந்தக் கை நடுங்கியது, தம்பி. என்னுடையதைவிட.

அன்று இரவு நீ வாங்கி வந்த கேக்கை இரண்டு பேரும் வெட்டாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆறுதல் சொல்ல உனக்கு வேறு எதுவும் தெரியாததால் காட்டைப் பற்றிப் பேசினாய். "இது பழைய காடு ஆயிடாதுப்பா, இன்னும் நாளாகும். கிளி கூடு வைக்க மரத்துல பொந்து வேணும், அதுக்கு என் பேரன் காலம் ஆகணும். ஆனா பாதி வேலை முடிஞ்சிருக்கு. குருவிக்கு ஒளிய இடம் இருக்கு, பல்லிக்குப் பட்டை இருக்கு, மண்ணுக்கு மூடாக்கு இருக்கு. புதுசா நட்டு வளக்கணும்னா தண்ணிக்கு எங்க போறது? தானா வந்தது மட்டும்தான் இந்த மழையில நிக்கும். ஜனங்க பழைய காட்டுக்கு வேலி போடுறாங்க, இதப் பாத்தா குப்பைங்குறாங்க. இதையும் திரும்பத் திரும்ப சாய்ச்சா ஒரு நாளைக்கு வேருக்கே அலுத்துப் போயிடும்ப்பா." நான் தலையாட்டினேன். குருவிகளைப் பார்த்தேன் என்று சொன்னபோது நீ பாதி எழுந்துவிட்டாய். "எங்க? எத்தன? தலை நீலமா?" உன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது அப்போதுதான். கேக்கை வெட்டி, என் நாக்கின் நுனியில் இருந்த வாக்கியத்தை அந்த இடத்தில்தான் அதோடு சேர்த்து விழுங்கினேன்.

பிறகு மழை. பெருநாள் முடிந்து இரண்டாம் நாள், வானத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மழை, கொஞ்ச நேரம்தான். நான் வழித்த பட்டையிலிருந்து தண்ணீர் டீத் தண்ணி நிறத்தில் ஓடி, வேலியைத் தாண்டி, ரோஜர் மாடுகளுக்காக வெட்டி வைத்திருந்த குளத்தில் போய் விழுந்தது. பக்கத்திலேயே, வெட்டாத இடத்திலிருந்து கசிந்த கொஞ்சமும் தெளிவாக வந்தது. மிச்சத்தைத் தரை குடித்துவிட்டது. ரோஜர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நேரம் நின்றார். "என் குளம் தூர்ந்து போயிடும்" என்றார். அவருக்குக் குருவி மேல் காதல் வந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை, குளத்தின் மேல் இருந்தது. நீ என் காதில், "இப்படி வெட்டிப் பாக்க எனக்கு யாரும் அனுமதி குடுத்திருக்க மாட்டாங்கப்பா" என்று கிசுகிசுத்தாய். என்னைத் தேற்றுவதற்காகத்தான். இருந்தாலும் விஞ்ஞானத்துக்கு என் பங்களிப்பு என்று இங்கே எல்லா மாமாக் கடையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லைட்டரைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நான் மொட்டையடித்த தரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளித் துளிர்கள், ஒன்று வெட்டிய இடத்தில் ஒன்பது. உன் வரைபடத்தில் அந்த இடத்துக்கு 'அப்பா பட்டை' என்று பெயர் வைத்திருக்கிறாய். முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பெரிய நினைவுச்சின்னம் உலகத்தில் வேறு எந்த மன்னனுக்கும் இல்லை. படத்தை உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் துளிரைப் பார்க்கவில்லை, உன் நிழல் ஓரத்தில் விழுந்திருந்ததைப் பெரிதாக்கி, "எளச்சிட்டான்" என்றாள். நிழல் இளைத்திருப்பதைக் கண்டுபிடிக்க அவளால்தான் முடியும். அவள் போனில் கிள்ளான் வானிலை கிடையாது, தெரியுமா? உன் ஊர்தான். இங்கே மழை கொட்டும், கொடியில் துணி நனையும், அவள் "அங்க காத்து அடிக்குது, காத்து அடிச்சா நெருப்புப் பரவும்" என்று உட்கார்ந்திருப்பாள். நான் திரும்பி வந்த பிறகு ஒரு தடவை உன் பக்கம் இரண்டு நாள் லைன் கிடைக்காமல் போனதே, அந்த இரண்டு நாளும் இந்த வீட்டில் ஜெபமாலை மணி உருளும் சத்தம் மட்டும்தான். நானும் உருட்டினேன். இந்தத் தடவை சரியான ஜெபம்.

இப்போது என் பயத்தைத் தட்டில் வைத்துக் காட்டுகிறேன், பார். காய்ந்த புல்லுக்குப் பயப்படுகிறேன். ரோட்டுக்குப் போகும் ஒரே வழி அதன் நடுவில் போவதற்குப் பயப்படுகிறேன். பாம்புக்கு, வெயிலுக்கு, லோரி மண்ணில் புதைந்து நிற்பதற்கு. அந்தக் காட்டுக்குள் நீ போய்த் திரும்பும்போது வீடு இல்லாமல் போவதற்கு ரொம்பவும். ஏனென்றால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உள்ளே இருந்தவன் நான். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு உள்ளே இருந்த எனக்குப் பல்லியும் குருவியுமாவது துணை இருந்தது. வெளியே நின்றவன் நீ, உனக்கு ஹார்ன் மட்டும்தான். அதிகம் பயந்தவன் யார் என்று உன் கையைப் பிடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போகிறவனுக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கிறது. வெளியே நிற்பவனுக்குப் பயப்படுவதுதான் வேலை. அன்றைக்கு அந்த வேலையை நீ பார்த்தாய். இனி மூன்று வருஷம் நாங்கள் பார்க்கிறோம். எங்களுக்கு ஓய்வூதியக் காலம், நேரம் நிறைய இருக்கிறது. பயப்பட நல்ல அனுபவமும் இருக்கிறது.

எனவே, சரி. எழுதிவிட்டேன். எழுதும்போது உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தாள். இன்னும் சோற்றை நிறுத்தவில்லை.

ஆனால் பேரரசனின் சாசனம் நிபந்தனை இல்லாமல் வெளிவராது. சாயங்காலம் நீ காட்டை விட்டு வெளியே வந்ததும், கை கால் கழுவுவதற்கு முன்னால், லோரியில் ஏறி ஹார்னை அடி. நீளமாக ஒன்று. அதைப் போனில் பதிந்து அனுப்பு. பேச வேண்டாம், படம் வேண்டாம், சாப்பிட்டாயா என்று நாங்களும் கேட்க மாட்டோம். உனக்கு ஆறு மணி என்றால் எங்களுக்கு நாலு. நான் டீயோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

இதைப் படித்துக் காட்டினேன். அழுகையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒண்ணு பத்தாது. மாடு முட்டினாகூட ஹார்ன் ஒரு தடவ அடிச்சிடும். ரெண்டு அடிக்கச் சொல்லுங்க. நடுவுல கொஞ்சம் நிறுத்தி. அப்பதான் அடிச்சது எம்புள்ளன்னு தெரியும்."

இரண்டு அடி, தம்பி. நடுவில் கொஞ்சம் நிறுத்தி.